தவணை முடிந்த பிறகு

சிறு சரக்கு வண்டி வைத்துப் பிழைப்பவருக்கு இரண்டு காலங்கள் உண்டு. முதலாவது தவணைக் காலம். மாதம் பிறந்தால் ஃபைனான்ஸுக்குப் பணம் கட்டியாக வேண்டும்; ஆனால் வண்டி புதிது, டீசலையும் ஆயிலையும் தவிரப் பெரிதாக எதுவும் கேட்காது. நான்கைந்து ஆண்டுகளில் கடன் அடைந்து, ஆர்.சி. புத்தகத்தில் ஹெச்.பி. என்ற கடன் குறிப்பு நீங்கி, வண்டி இனி முழுக்கத் தன்னுடையது என்று ஓட்டுநர் மூச்சு விடும் நேரத்தில் இரண்டாவது காலம் தொடங்குகிறது. அது ரிப்பேர் காலம். தவணைக்குத் தேதியும் தொகையும் முன்கூட்டியே தெரியும். ரிப்பேருக்கு இரண்டும் தெரியாது. முதல் காலத்தைப் பற்றி வங்கிகளும் ஷோரூம்களும் நிறையப் பேசிவிட்டன. இரண்டாவது காலத்தைப் பற்றிய பேச்சு பட்டறைகளோடு நின்றுவிடுகிறது. அதை எழுதிப் பார்க்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். நம் ஊர்களின் காய்கறியும் சிமெண்டும் தண்ணீர் கேனும் கல்யாணப் பாத்திரமும், வீடு மாறுகிறவர்களின் பீரோவும் கட்டிலும் பெரும்பாலும் இந்த இரண்டாவது காலத்து வண்டிகளில்தான் போய்க்கொண்டிருக்கின்றன.

நான் மனத்தில் வைத்திருப்பது டாடா ஏஸ் வண்டியை, ஊரெல்லாம் குட்டியானை என்று சொல்கிற அந்த வண்டியை. 2005 மே மாதம் அது சந்தைக்கு வந்தபோது விலை ஏறத்தாழ 2.25 லட்சம் ரூபாய். அதற்கு முன் ஒரு சிறு வியாபாரிக்கு இருந்த வழிகள் இரண்டு: மூன்று சக்கரச் சரக்கு ஆட்டோ, இல்லாவிட்டால் சக்திக்கு மீறிய பெரிய வண்டி. நடுவே காலியாகக் கிடந்த இடத்தை டாடா நிறுவனத்தில் கிரீஷ் வாக் தலைமையிலான குழு கண்டுகொண்டது. இண்டிகா காரின் நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜினைப் பாதியாக்கி, இரண்டு சிலிண்டர் கொண்ட 702 சி.சி. இன்ஜின் செய்தார்கள். அதன் திறன் 16 குதிரைத்திறன். இன்று சாலையில் ஓடும் 350 சி.சி. மோட்டார் சைக்கிளுக்கு இதைவிடக் கூடுதல் திறன் இருக்கிறது. அந்த இன்ஜினை நம்பி வாங்கியவர்கள் ஏராளம். முதல் பன்னிரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் வண்டிகள் விற்றன. அவற்றில் பத்து, பதினைந்து வயதைக் கடந்தவை இன்னும் நம் கண்முன் ஓடுகின்றன.

அவை ஓடுவதற்கு முக்கியமான காரணம், பழைய ஏஸ் இன்ஜினுக்குள் கம்ப்யூட்டர் கிடையாது. ஸ்பேனர் செட்டும் நல்ல கையும் உள்ள ஒருவர் புளியமரத்தடியில் வைத்தே அதைப் பிரித்துப் பூட்டிவிடுவார். சாமானும் எந்தத் தாலுகா ஊரிலும் கிடைக்கும். இவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கக்கூடிய வண்டி வைத்திருப்பவர், அதன் ரிப்பேர் செலவிலேயே கடனாளி ஆவதையும் அடிக்கடி பார்க்கிறோம். இந்த முரணைத்தான் நான் புரிந்துகொள்ளப் பார்க்கிறேன்.

பழைய ஏஸ் வண்டியின் கோளாறுகளில் முதலிடம் சூட்டுக்கு. ரேடியேட்டரில் கூலன்ட் கலந்த தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது கம்பெனி சொல்வது. நடைமுறையில் ஊற்றுவது வழியில் கிடைக்கும் போர் தண்ணீர். திண்டுக்கல் சுற்றுவட்டாரம் போலத் தண்ணீரில் உப்பு ஏறிய பகுதிகளில், வெந்நீர் அண்டாவின் அடியில் படிவது போல ரேடியேட்டர் குழாய்களுக்குள் வெள்ளையாகச் சுண்ணம் படிகிறது. தண்ணீர் ஓடும் வழி சுருங்குகிறது. வெளிப்பக்கம் தூசியும் எண்ணெயும் சேர்ந்து காற்று வழியை அடைக்கின்றன. வாட்டர் பம்பின் சீல் தேய்ந்து சொட்டத் தொடங்குகிறது. சூடு ஏறுகிறது என்று போனால், பல இடங்களில் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டு அனுப்புகிறார்கள். அதனால் சூடு காட்டும் முள் கொஞ்சம் இறங்கலாம். அடைப்பு அப்படியே இருக்கும். காலையில் இன்ஜின் உரிய சூட்டுக்கு வரவும் நேரமாகும், டீசலும் கூடுதலாகக் குடிக்கும்.

திண்டுக்கல் புறநகரில் ஒரு பட்டறை. சிறுமலைக்குச் சிமெண்ட் ஏற்றிப் போகும் வண்டி ஒன்று அங்கே வந்து நின்றதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். மெக்கானிக் முதலில் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை, கேள்விதான் கேட்டார்.

“தண்ணி கொறையுதா தம்பி?”

“ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஒரு லிட்டர் ஊத்துறேண்ணே.”

“கீழ சொட்டுதா?”

“சொட்டலண்ணே.”

“அப்ப உள்ளதான் போகுது.”

ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க, தண்ணீருக்குள்ளிருந்து காற்றுக் குமிழ்கள் வந்துகொண்டே இருந்தன. சிலிண்டருக்குள் அடைபட்டிருக்க வேண்டிய அழுத்தம் தண்ணீர்ப் பாதையில் கசிகிறது என்று அதற்குப் பொருள். ஆயில் கம்பியை உருவித் துணியில் துடைத்தார். கருப்பாக இருக்க வேண்டிய ஆயில் வெளிறிய பழுப்பு நிறத்தில் குழைந்திருந்தது. சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது. பிற்பகலில் ஹெட்டைக் கழற்றிக் கழுவி, அதன் முகத்தின் மேல் இரும்பு ஸ்கேலைச் செங்குத்தாக நிறுத்தி, அடியில் ஃபில்லர் கேஜின் மெல்லிய தகட்டை நுழைத்துப் பார்த்தார். ஓரங்களில் தகடு போகவில்லை. இரண்டு சிலிண்டருக்கும் நடுவில் தடையில்லாமல் போய் வந்தது. ஹெட் வளைந்திருக்கிறது, லேத்துக்கு அனுப்பி ஃபேஸிங் போட வேண்டும்.

இந்த வேலைக்கான கணக்கைப் பாருங்கள். கேஸ்கட் சில நூறு ரூபாய்ச் சாமான். ஃபேஸிங், வால்வு வேலை, புது ஆயில், ஃபில்டர், கூலன்ட், கூலி எல்லாம் சேர்ந்தால் 8,000 முதல் 12,000 ரூபாய் வரை ஆகிறது. ஊருக்கு ஊர் கொஞ்சம் முன்பின் இருக்கும். கோளாறின் தொடக்கமோ வெடித்துப்போன ஒரு ரப்பர் ஹோஸ் பைப்பாகவோ, சொட்டத் தொடங்கிய வாட்டர் பம்பாகவோதான் இருந்திருக்கும். ஹோஸ் 200, 300 ரூபாய். பம்ப் 2,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். கேஸ்கட் போனதையும் கவனிக்காமல் மலையில் ஏற்றிப் பிஸ்டன் பிடித்துக்கொண்டால், இன்ஜினை இறக்கி, சிலிண்டருக்குப் போர் போட்டு, பிஸ்டன் செட் மாற்றி, கிராங்கைத் தீட்டி மறுபடி ஏற்ற 35,000 முதல் 50,000 ரூபாய் வரை போகும். சந்தையில் ஒன்றரை லட்சம் பெறுகிற வண்டிக்கு அது மூன்றில் ஒரு பங்கு. 300 ரூபாயில் முடிந்திருக்க வேண்டியது 10,000 ஆகி, அதையும் தாண்டி 50,000 ஆகும் இந்த ஏற்றம்தான் பழைய வண்டியின் பொருளாதாரம்.

பில்லில் வராத செலவு ஒன்றும் இருக்கிறது. இன்ஜின் வேலை என்றால் வண்டி ஒரு வாரம் நிற்கும். லேத்தில் கூட்டம் இருந்தால் பத்து நாள். அந்த நாட்களில் வருமானம் இல்லை என்பது ஒரு பக்கம். தினமும் காலையில் ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து காய் ஏற்றச் சொல்கிற கடைக்காரர் வண்டி வரும்வரை காத்திருக்க முடியாது. வேறொரு வண்டியைக் கூப்பிடுவார், அது அவருக்குப் பழகிவிடும். கேஸ்கட்டை மாற்றிவிடலாம், கைவிட்டுப்போன வாடிக்கையைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஓட்டுநர்கள் ரிப்பேரைத் தள்ளிப்போடுவதற்கு இந்தப் பயம் பெரிய காரணம். வண்டியை நிறுத்தினால் பிழைப்பு நிற்கும் என்பதால் நிறுத்தாமல் ஓட்டுகிறார்கள். அதனாலேயே ஒருநாள் வண்டி தானே நின்றுவிடுகிறது.

அடுத்த கோளாறு சுமையால் வருவது. முதலில் வந்த ஏஸ் வண்டியின் ஏற்றளவு 750 கிலோ. சிமெண்ட் மூட்டைக் கணக்கில் சரியாக 15 மூட்டை. இருபது லிட்டர் தண்ணீர் கேன் என்றால் 35. நம் தெருக்களில் இந்த அளவோடு போகும் வண்டியைத் தேடித்தான் பார்க்க வேண்டும். 25 மூட்டை, 30 மூட்டை என்று ஏற்றச் சொல்லும் கட்டடக் காண்டிராக்டருக்கு அது ஒரு நடை மிச்சம். வண்டிக்கு அது பின்பக்க ஸ்பிரிங் பட்டை, ஆக்ஸில் பேரிங், கிளட்ச் பிளேட், டயர். அந்த மிச்சம் காண்டிராக்டரின் கணக்கில் உடனே சேர்கிறது. தேய்மானம் ஓட்டுநரின் கணக்கில் ஆறு மாதம் கழித்து ஏறுகிறது. இரண்டையும் இணைத்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

சிறு வேலையைத் தவறவிட்டால் செலவு எப்படி வளர்கிறது என்பது முன் சக்கரத்தில் துலக்கமாகத் தெரியும். ஏஸ் வண்டியின் முன்னால் இருப்பது லாரியைப் போன்ற முழு ஆக்ஸில். இரு முனையிலும் கிங்பின்னை அச்சாகக் கொண்டு சக்கரம் திரும்புகிறது. அந்தக் கிங்பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே கிரீஸ் இருந்துகொண்டே இருக்க வேண்டும். கிரீஸ் அடிக்காமல் விட்டால் புஷ் தேய்ந்து ஆட்டம் வரும். ஜாக்கி போட்டுத் தூக்கி, டயரின் மேலும் கீழும் கை வைத்து ஆட்டினால் ‘டக், டக்’ என்று கேட்கும். அந்த ஆட்டத்தோடு ஓடும் வண்டியில் டயர் ஒரு பக்கமாகத் தேய்கிறது. உள்விளிம்பில் விரலை ஓட்டினால் ரப்பர் ரம்பப் பல்லாக எழும்பி நிற்கும். டயர்க் கடைக்குப் போனால் புது டயர் 3,000 ரூபாய்க்கு மேல். கிங்பின்னை மாற்றாமல் டயரை மட்டும் மாற்றினால் புது டயரும் அதே பக்கம் தேயும். கிரீஸ் அடிக்கச் செலவு நூறு, இருநூறு ரூபாய். அதைத் தவறவிட்டதற்கு ஆண்டுக்கு இரண்டு டயர் விலையாகப் போகிறது.

வண்டியின் பெரும்பாலான உறுப்புகள் போவதற்கு முன் குரல் கொடுக்கின்றன. கிளட்ச்சை விடும்போது அடியில் ‘டங்’ என்று ஓர் அடி விழுந்தால் புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் தேய்ந்திருக்கிறது. மேட்டில் இன்ஜின் மட்டும் கத்தி, வண்டி இழுக்கவில்லை என்றால் கிளட்ச் பிளேட். காலையில் ஸ்டார்ட் ஆகத் தாமதித்துப் புகையாகத் தள்ளினால் ஹீட்டர் பிளக்கைப் பார்க்க வேண்டும். இரண்டு சிலிண்டர் இன்ஜின் இயல்பிலேயே அதிரும். மவுண்டிங் ரப்பர் இறுகிப்போனால் அந்த அதிர்வு சேஸிஸுக்கு இறங்கி, நட்டுகளைத் தளர்த்தி, ஒயரை உரசி அறுக்கிறது. அனுபவமுள்ள ஓட்டுநருக்கு இந்த ஒலிகளெல்லாம் தெரியும். தெரிந்தும் பட்டறைக்குப் போகாததற்கு அறியாமை காரணமில்லை. கையில் பணமில்லை.

குரல் கொடுக்காமல் போகும் உறுப்புகளும் உண்டு. டைமிங் பெல்ட் அப்படிப்பட்டது. அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளையும். பிரேக் ஆயிலும் அப்படித்தான். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் திரவம். ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் விட்டால் அதன் கொதிநிலை இறங்கிவிடுகிறது. சிறுமலையின் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு இறங்கும் வண்டி, இரண்டாவது கியரில் இறங்காமல் பிரேக்கையே நம்பினால், சூட்டில் அந்த ஆயில் ஆவியாகி, பெடல் தரைவரை போகும். இந்த இரண்டுக்கும் வாரண்டி கிடையாது, எச்சரிக்கை கிடையாது. நாள் கணக்கு, கிலோமீட்டர் கணக்கு வைத்து மாற்றுவது ஒன்றே வழி. இங்கே தள்ளிப்போடுவது பணத்தோடு முடியாது, உயிர் சம்பந்தப்பட்டது.

சாமான் வாங்கப் போனால் இன்னொரு கேள்வி. ஒரிஜினலா, லோக்கலா, பழசா? சென்னையில் இருப்பவர் ஜி.பி. ரோட்டில் புதுசு பார்க்கலாம், புதுப்பேட்டையில் உடைத்த வண்டியின் சாமான் பார்க்கலாம். மற்ற ஊர்களிலும் இதன் சிறு பதிப்புகள் உண்டு. எல்லாவற்றுக்கும் கம்பெனிச் சாமான் வேண்டும் என்பது நடக்காத காரியம். அப்படிச் செய்தால் வண்டியின் விலையைச் செலவு தாண்டிவிடும். நல்ல மெக்கானிக்கின் அறிவு இந்த இடத்தில்தான் தெரிகிறது. கதவு, கண்ணாடி, பம்பர், டெயில் லைட்டு பழசாக இருக்கலாம். செல்ஃப் மோட்டாரையும் டைனமோவையும் ரீகண்டிஷன் செய்துகொள்ளலாம். பிரேக், ஸ்டியரிங், டைமிங் பெல்ட், ஹெட் கேஸ்கட் ஆகியவற்றில் லோக்கல் கூடாது. எங்கே சிக்கனம் செய்யலாம், எங்கே கூடாது என்று சொல்பவரை நம்பலாம். எதைக் கேட்டாலும் மலிவாக முடித்துத் தருபவரும், எதைக் கேட்டாலும் முழு செட்டையும் மாற்றச் சொல்பவரும் ஓட்டுநரின் பணத்தை ஒரே வழியில்தான் அனுப்புகிறார்கள்.

இந்த நிலையில் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுச் சோதனையும் வருகிறது. சரக்கு வண்டிக்கு முதல் எட்டு ஆண்டுகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும். பதினைந்து ஆண்டு கடந்த வண்டிகளுக்கான கட்டணத்தை 2022 ஏப்ரல் முதல் ஒன்றிய அரசு பல மடங்கு உயர்த்தியது. பழைய வண்டிகளைச் சாலையிலிருந்து இறக்க வேண்டும் என்பது நோக்கம். வண்டியை ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எஃப்.சி. வேலை என்று பட்டறையில் சொல்லப்படுவது என்ன என்று பாருங்கள்: டிங்கரிங், பெயிண்ட், ஒளிரும் ஸ்டிக்கர், லைட்டு, எழுத்து. கண்ணுக்குத் தெரிவதில் பதினைந்தாயிரம் இருபதாயிரம் போய்விடுகிறது. கட்டணமும் காப்பீடும் அதற்கு மேல். அதைக் கட்டி முடித்தவரிடம் கிங்பின்னுக்கும் பிரேக் ஆயிலுக்கும் காசு மிஞ்சுவதில்லை. பளபளப்பாகப் பெயிண்ட் அடித்த வண்டி தேய்ந்த புஷ்ஷோடு மலையேறுகிறது. சோதனை, வண்டியின் வயதையும் தோற்றத்தையும் விட்டுவிட்டு உள்நிலையைப் பார்க்கத் தொடங்கினால் இந்தப் பணம் போக வேண்டிய இடத்துக்குப் போகும்.

புகையைப் பற்றியும் பேசியாக வேண்டும். பழைய டீசல் வண்டி காற்றைக் கெடுக்கிறது, அதை ஒழிப்பதே நல்லது என்பவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. பழைய விதிகளின்படி செய்த இன்ஜினை எவ்வளவு சீராக வைத்தாலும் 2020-இல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 இன்ஜினின் சுத்தம் அதற்கு வராது. ஆனாலும் நாம் சாலையில் மூக்கைப் பொத்திக்கொள்கிற கரும்புகையில் பெரும்பகுதி வயதால் வருவதில்லை. அடைத்த ஏர் ஃபில்டர், தேய்ந்த நாசில், அளவு தவறிய டீசல் பம்ப், அளவுக்கு மீறிய சுமை ஆகியவற்றால் வருகிறது. இவை ஒவ்வொன்றும் சரிசெய்யக் கூடியது. புதிய வண்டி வாங்க முடிந்தவர் வாங்கட்டும். வாங்க முடியாதவரின் பழைய வண்டியைச் சீராக வைக்க உதவுவதும் காற்றுக்குச் செய்யும் நன்மைதான்.

ஆகவே என் முடிவு இது. ஓட்டுநரைக் கடனாளி ஆக்குவது வண்டியின் வயதைவிட அதிகமாக, உரிய நேரத்தில் செய்ய முடியாமல் போன சிறு வேலைகள்தான். சிறு வேலைக்குச் சிறு பணம் அன்றைக்குக் கையில் இருந்தால் போதும். அது இல்லாதபோதுதான் அதே வேலை பத்து மடங்காக வளர்ந்து வருகிறது. புதிய வண்டி வாங்க லட்சக்கணக்கில் கடன் கொடுக்கும் அமைப்புகள், ஓடிக்கொண்டிருக்கும் வண்டியைக் காப்பாற்றவும் நியாயமான வட்டியில் கடன் கொடுக்க வேண்டும். 2015-இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் ‘சிசு’ பிரிவின் உச்சவரம்பு 50,000 ரூபாய். ஓர் இன்ஜின் வேலைக்குத் தேவைப்படுவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் இன்ஜின் வேலைக்கென்று வங்கியில் கேட்டு வாங்கிய ஒருவரை நான் எந்தப் பட்டறையிலும் சந்தித்ததில்லை. அவர்கள் எல்லோரும் வாங்கியிருப்பது கந்துவட்டி.

ஓட்டுநர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. தவணை முடிந்த மாதத்தோடு கட்டுவதை நிறுத்திவிடாதீர்கள். ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இரண்டு ரூபாய் என்று வண்டியின் பெயரில் தனியே போட்டு வையுங்கள். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடினால் 3,000 ரூபாய், ஆண்டுக்கு 36,000. டயர், கிளட்ச், பெல்ட், பிரேக் எல்லாம் பெரும்பாலும் அதற்குள் அடங்கும். வாடகை குறைவான நாளில் இது கடினம் என்பது தெரியும். ஆனாலும் கந்துவட்டியைவிட எளிது.

வண்டியை வாடகைக்கு அழைக்கும் நமக்கும் இதில் பங்கு இருக்கிறது. அடுத்த முறை குட்டியானையைக் கூப்பிடும்போது பதினைந்து மூட்டைக்கு மேல் ஏற்றச் சொல்லாதீர்கள். பேசிய வாடகையில் கடைசி நேரத்தில் நூறு ரூபாயைக் குறைக்காதீர்கள். அந்த வண்டிக்கு அடிக்க வேண்டிய கிரீஸ் அந்த நூறு ரூபாயில் இருக்கிறது.